அஜ்மலீன்: ஹகீமின் பெயர் தாங்கிய படிகம்

ஊர்களுக்கும் தெருக்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் பெரியோர் பெயரைச் சூட்டுவது நம் நாட்டு வழக்கம். ஒரு வேதிப்பொருளுக்கு யூனானி ஹகீம் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டிருப்பதைப் பலர் அறிந்திலர். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துத் திடீர் மரணத்தையும் உண்டாக்கக்கூடிய புருகடா நோயைக் கண்டறிய, ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஊசி வழியே செலுத்தப்படும் மருந்துகளுள் ஒன்று 'அஜ்மலீன்'. தில்லி ஹகீம் அஜ்மல் கானின் (1868–1927) பெயரை அது தாங்கி நிற்கிறது. 1931இல் ஒரு செடியின் வேரிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்த வேதியியல் அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, தம்மை ஆதரித்த பெரியவரின் நினைவாக இப்பெயரை இட்டார்.

இப்பெயரின் பின்னே உள்ள வரலாறு, நம்மிடையே நிலவும் இரு மனப்போக்குகளை உரைத்துப் பார்க்க உதவும். நம் ஹகீம்கள் அறியாத எதையும் இன்றைய ஆய்வகம் கண்டுவிடவில்லை என்பர் ஒரு சாரார். பழைய மருத்துவ நூல்கள் யாவும் கட்டுக்கதை என்று தள்ளுவர் மறு சாரார். இரு சாராரும் சோதித்தறியும் உழைப்பிலிருந்து தப்பிக்கவே வழி தேடுகின்றனர். அஜ்மல் கானும் சித்தீக்கியும் அந்த உழைப்பை மேற்கொண்டனர். அது எவ்வளவு தொலைவு சென்றது, எங்கே நின்றுபோயிற்று, ஏன் நின்றது என்பதை இங்கு காண்போம்.

மருந்தைச் சோதித்தறிய வேண்டும் என்ற எண்ணம் நம் மருத்துவ மரபுக்குப் புறம்பானதன்று. இப்னு சீனா (980–1037) தம் 'அல்-கானூன் ஃபித் திப்' நூலின் இரண்டாம் பாகத்தைத் தனி மருந்துகளுக்கென்றே ஒதுக்கினார். மருந்துப் பொருள்களை வரிசைப்படுத்துவதற்கு முன், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்குரிய நிபந்தனைகளை அவர் வகுக்கிறார். மருந்தில் வேறு தற்செயலான தன்மை எதுவும் கலந்திருத்தல் ஆகாது. பல நோய்கள் சேர்ந்த நிலையில் இன்றித் தனி நோயிலேயே அதைச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இரு நோய்களில் அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஈடாக இருத்தல் வேண்டும். அது வேலை செய்யும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். விளைவு எப்போதும், அல்லது பெரும்பாலும், ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இறுதியாக, சோதனை மனித உடலில் நிகழ வேண்டும். சிங்கத்தினிடத்தோ குதிரையினிடத்தோ கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்நிபந்தனைகள் இன்றைய மருந்தியல் மாணவனுக்கும் அயலாகத் தோன்றமாட்டா. ஆயினும் பிற்கால நடைமுறையில் இவை ஓதப்பட்ட அளவுக்குப் பின்பற்றப்படவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிய 'பயாஸ்' எனும் குறிப்பேடுகளே பல மருத்துவக் குடும்பங்களில் இறுதிச் சான்றாயின. அதில் கண்ட மருந்து பலிப்பதேன் என்றோ, பலிக்காதபோது பிழை எங்கே என்றோ வினவுவோர் அருகினர். மருந்து முறை குடும்பச் சொத்தாக மறைக்கப்பட்டதால் பிறர் சோதித்துப் பார்க்கவும் வழியில்லாமற் போயிற்று.

முகலாய அரசவையோடு தொடர்புடைய தில்லி ஷரீஃபி மருத்துவக் குடும்பத்தில் பிறந்த அஜ்மல் கான் இந்தக் குறையை உள்ளிருந்தே கண்டவர். 1921இல் அகமதாபாத் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர், ஜாமிஆ மில்லிய்யாவின் முதல் வேந்தர் என்ற அளவிலேயே நம்முள் பலர் அவரை அறிவர். அவருடைய வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி மருத்துவத்துக்கே உரியது. நாட்டு மருத்துவர்களின் உரிமையைக் குறுக்கும் சட்டங்களை ஆங்கில அரசு கொண்டுவர முற்பட்ட காலத்தில், வைத்தியர்களையும் ஹகீம்களையும் ஒரே மாநாட்டில் அவர் கூட்டினார். உரிமையைக் காக்க வேண்டுமானால் கல்வியைச் சீர்திருத்த வேண்டும் என்பது அவர் துணிபு. யூனானியும் ஆயுர்வேதமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட வேண்டும். உடற்கூறு, அறுவை ஆகியவற்றில் மேலைக் கல்வியும் சேர வேண்டும் என்றார். லக்னோவின் அஸீஸி குடும்பத்தார் இதை ஏற்கவில்லை. பிற முறைகளின் கலப்பு யூனானியின் தனித்தன்மையை அழித்துவிடும் என அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பொருளற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். தன் அடிப்படையை மறந்த சீர்திருத்தங்கள் பலவற்றை வரலாறு கண்டிருக்கிறது.

1916இல் வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டிய தில்லி ஆயுர்வேத யூனானி திப்பிய்யா கல்லூரியை 1921 பிப்ரவரி 13 அன்று திறந்து வைத்தவர் காந்தியடிகள். ஆட்சி செய்வோரின் கையால் தொடங்கியது, ஆட்சியை எதிர்ப்போரின் கையால் நிறைவேறிற்று. காந்தியடிகள் மேலை மருத்துவத்தின் கடும் விமர்சகர் என்பதை வாசகர் அறிவர். அவ்விழாவில் அவர் ஆற்றிய உரையோ கூடியிருந்தோரை மகிழ்விப்பதற்காக மட்டும் அமையவில்லை. இன்றைய விஞ்ஞானிகளை இயக்கும் ஆராய்ச்சி உணர்வுக்குத் தாம் தலைவணங்குவதாகவும், நம் வைத்தியர்களிடமும் ஹகீம்களிடமும் அவ்வுணர்வு இல்லை என்றும், கிடைத்த மருந்து முறைகளை அவர்கள் கேள்வியின்றிப் பின்பற்றுகின்றனர் என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். விருந்தினரின் இக்குற்றச்சாட்டுக்கு அஜ்மல் கான் தந்த விடை, அக்கல்லூரியிலேயே ஓர் ஆராய்ச்சிப் பிரிவை நிறுவும் திட்டம்.

அதற்கு அவருக்குக் கிடைத்த ஆள் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி. 1897இல் லக்னோவை அடுத்த பாராபங்கி மாவட்டத்தின் சுபேஹாவில் பிறந்தவர். முஸ்லிம் லீக் தலைவர் சவுத்ரி கலீகுஸ்ஸமானின் இளவல். அலிகரில் அவர் கற்றவை தத்துவமும் பாரசீகமும். 1920இல் மருத்துவம் பயில லண்டன் சென்று, அடுத்த ஆண்டே வேதியியலை நாடி ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு மாறினார். ஓவியத்திலும் தேர்ந்த அவர் அந்நகரிலேயே தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். பேராசிரியர் யூலியஸ் ஃபான் பிரவுனிடம் ஆய்வு செய்து 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் அஜ்மல் கான் ராம்பூரில் காலமானார். திட்டமிட்டவர் மறைந்தபின் திட்டமும் மறைவது நம் நிறுவனங்களில் அரிதன்று. சித்தீக்கி அதற்கு இடந்தரவில்லை. அவர் 1940 வரை திப்பிய்யா கல்லூரியின் ஆராய்ச்சியை நடத்தி வந்தார்.

அவர் கையில் எடுத்த செடி யூனானி மருத்துவர் 'அஸ்ரோல்' என வழங்குவது. வடமொழியில் சர்ப்பகந்தா, தமிழில் சிவன் அமல்பொடி. தாவரவியலார் அதற்கு 16ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவரான ரவுவோல்ஃபின் பெயரால் 'ரவுவோல்ஃபியா செர்ப்பென்டினா' என்று பெயரிட்டனர். இச்செடி கிரேக்கத்திலிருந்தோ அரபு நாட்டிலிருந்தோ வந்ததன்று. இந்திய மண்ணுக்கும் அதன் மக்களுக்கும் உரிய அறிவு. பாம்புக்கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தம் பேதலித்தவர்க்கும் அதன் வேர் கொடுக்கப்பட்டது. பீகாரில் அதைப் பைத்தியத்துக்கான மருந்து என்றே மக்கள் அழைத்தனர். இந்திய ஹகீம்கள் அதைத் தம் மருந்துப் பட்டியலில் ஏற்றனர். மிளகோடு அஸ்ரோலைச் சேர்த்துச் செய்யும் 'தவாவுஷ் ஷிஃபா' யூனானி மருந்துக்கடைகளில் பெயர் பெற்றது. பிறரிடமிருந்து கற்கத் தயங்காத மரபே வளர்ந்த மரபு என்பதற்கு இவ்வேரும் ஒரு சான்று.

வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரிக்கும் பொதுமுறை சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. காய்ந்த வேரைப் பொடித்துச் சாராயத்தில் ஊற வைத்து, வடித்த நீர்மத்தை வற்றச் செய்வர். எஞ்சும் பசையைக் காடித்தன்மையுள்ள நீரில் கலந்தால் ஆல்கலாய்டுகள் கரையும், பிசின் ஒதுங்கும். பிறகு காரம் சேர்த்து அவற்றை மீட்டு, மீண்டும் மீண்டும் படிகமாக்கித் தூய்மை செய்வர். சித்தீக்கியும் அவருடைய உடனுழைப்பாளர் ரஃபத் ஹுசைன் சித்தீக்கியும் இத்தகைய உழைப்பால் இருவகைப் பொருள்களைப் பெற்று, 1931இல் இந்திய வேதியியல் கழகத்தின் இதழில் அறிவித்தனர். வெண்ணிறப் படிகங்களின் வகைக்கு அஜ்மல் கானின் பெயரையும், மஞ்சள் நிறப் படிகங்களின் வகைக்குச் செடியின் பெயரையும் வழங்கினர். அஜ்மலீன், அஜ்மலினீன், செர்ப்பென்டீன் முதலிய பெயர்கள் அவ்வாறு பிறந்தன. அவற்றைத் தவளைகளுக்குச் செலுத்தி இதயத்தின் மீதும் நரம்புகளின் மீதும் நேரும் விளைவுகளையும் குறித்தனர்.

அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய மருத்துவர்கள் வேறொரு செய்தியை வெளியிட்டனர். இவ்வேரின் தூளைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது மனக்கொந்தளிப்புத் தணிந்ததையும், உயர் இரத்த அழுத்தம் குறைந்ததையும் அவர்கள் பதிவு செய்தனர். தில்லியில் படிகம் இருந்தது, நோயாளி இல்லை. கல்கத்தாவில் நோயாளி இருந்தார், படிகம் இல்லை. இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் நிறுவனம் அன்றைய இந்தியாவில் அமையவில்லை. இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பது நம் கருத்து.

ஏனெனில், வேரின் உறக்கமூட்டும் ஆற்றல் தில்லியில் கிடைத்த அழகிய படிகங்களில் பெரும்பாலும் இல்லை. அது ஒதுங்கிய பிசினில் தங்கியிருந்தது. 1940களில் இந்திய ஆய்வாளர்களே பிசின் பகுதிக்கு அமைதியூட்டும் குணம் உண்டு என்பதைக் கண்டனர். ஆயினும் அதனுள் இருந்த பொருளைப் பிரித்தெடுக்க இயலவில்லை. 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், ஐம்பது நோயாளிகளிடம் இவ்வேரைச் சோதித்த முடிவைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகின் கவனம் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த சீபா நிறுவனத்தின் ஆய்வகத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர் அந்தப் பிசினிலிருந்து 'ரெசர்ப்பீன்' என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். உயர் இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் உலகெங்கும் கொடுக்கப்பட்ட முதல் மருந்துகளுள் ஒன்றாக அது ஆயிற்று.

சீபாவின் வெற்றிக்குக் காரணம் அங்குள்ளோர் தில்லியில் உள்ளோரைவிட அறிவில் மிக்கவர் என்பதன்று. அங்கே வேதியியலாளர் ஒவ்வொரு பகுதியைப் பிரித்தவுடன், பக்கத்து அறையில் மருந்தியலாளர் அதை விலங்குகளில் சோதித்தார். எந்தப் பகுதியில் ஆற்றல் இருக்கிறதோ அதைப் பின்தொடர்ந்தே அடுத்த பிரிப்பு நடந்தது. படிகமாகும் பொருளைப் பின்தொடர்ந்தன்று. ஹகீம்கள் அவ்வேரை எதற்காகக் கொடுத்தார்கள் என்ற கேள்வியை இறுதிவரை விடாது பற்றியிருந்தது பாசலின் ஆய்வகமே என்றால், அது நமக்குச் சற்றுக் கசப்பாக இருக்கலாம். இப்னு சீனாவின் நிபந்தனைகளை நினைவிற்கொண்டு நோக்கினால் அக்கசப்பின் காரணம் விளங்கும்.

பயனோடு தீங்கும் வெளிப்பட்டது. ரெசர்ப்பீன் உட்கொண்டோர் சிலரிடம் ஆழ்ந்த மனச்சோர்வு தோன்றியதை 1950களில் மருத்துவர்கள் குறித்தனர். அத்தீங்கை ஆராய்ந்ததாலேயே மூளையைப் பற்றிய புதிய அறிவு பிறந்தது. ரெசர்ப்பீன் கொடுக்கப்பட்ட முயல்கள் அசைவற்றுப்போயின. எல்-டோப்பா கொடுத்தபோது அவை மீண்டன. 1957இல் இதைக் காட்டிய சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், டோப்பமீன் மூளையின் செய்தி கடத்தும் பொருள் என்று நிறுவினார். நடுக்குவாத நோய்க்கான சிகிச்சை இவ்வறிவின் வழியே வந்தது. 2000இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தீங்கு நேரும் என்று ஒப்புக்கொள்ளும் மருத்துவமே அத்தீங்கிலிருந்தும் கற்கிறது. பக்கவிளைவே இல்லாத மூலிகை என்ற விளம்பரத்தை நம்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அஜ்மலீனுக்கும் பின்னர் தன் காலம் வந்தது. இதயத் தசையின் அணுக்களில் சோடியம் நுழையும் வாயில்களை அது தடுக்கிறது என அறியப்பட்டது. 1992இல் ஸ்பெயின் நாட்டுச் சகோதரர்களான புருகடா மருத்துவர்கள் விவரித்த இதயநோய், மின்வரைபடத்தில் பல வேளைகளில் மறைந்தே இருக்கும். மருத்துவக் கண்காணிப்பில் அஜ்மலீனைச் செலுத்தினால் அது வெளிப்படும். செடி இப்பொருளை எவ்வாறு ஆக்குகிறது என்பதையும் ஆய்வாளர் தேடினர். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யோவாகிம் ஷ்டோக்கிக்ட் குழுவினர் பல்லாண்டு உழைத்து, ஏறத்தாழப் பத்துப் படிகளில், ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியைக் கொண்டு, வேரின் அணுக்கள் அஜ்மலீனைச் சமைப்பதைக் காட்டினர். அவற்றுள் ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ் எனும் நொதியின் மரபணு 1988இல் இதே செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஹகீமின் உரலும் வேதியியலாரின் குடுவையும் வருமுன்னரே அவ்வேர் ஓர் ஆய்வகமாக இயங்கி வந்திருக்கிறது. உலகத் தேவைக்காக அது கண்மண் தெரியாமல் தோண்டப்பட்டதால், 1990இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்க நேர்ந்தது.

சித்தீக்கியின் இரண்டாம் பெரும்பணி வேம்பு. 1940இல் இந்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி அமைப்பில் சேர்ந்த அவர், 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் எனும் மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்து அறிவித்தார். வேம்பின் கசப்பு முதன்முதலாகப் பெயரும் உருவும் பெற்றது. நிம்பிடின் வீக்கத்தைத் தணிப்பதையும், சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பதையும் பிற்காலச் சோதனைகள் காட்டின. ஆனால் ஆய்வகத் தட்டில் நுண்ணுயிர் மடிவது வேறு, நோயாளி நலம் பெறுவது வேறு. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட பச்சிளங் குழந்தைகள் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு நோயுற்றதை 1981இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அன்போடும் நம்பிக்கையோடும் கொடுக்கப்பட்ட எண்ணெய் அது. மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கும் உடலின் வலிமைக்கும் ஈடாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியின் பொருள் இத்தகைய இழப்புகளிலேயே நமக்கு உறைக்கிறது.

1951இல் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்று, நேருவின் இசைவோடு சித்தீக்கி பாகிஸ்தான் சென்றார். அங்கே அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்கி 1966 வரை தலைமை தாங்கினார். பிறகு கராச்சிப் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய வேதியியல் ஆய்வு நிலையம், ஜமால் குடும்பத்தாரின் நன்கொடையைப் பெற்று 1976இல் ஹுசைன் இப்ராஹீம் ஜமால் ஆய்வு நிலையம் ஆயிற்று. 1961இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1994 ஏப்ரலில் தம் 96ஆம் வயதில் காலமாகும் வரை அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்ப் பூஞ்சைகளை ஒழிக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண்துறைக்கும் கிரேஸ் நிறுவனத்துக்கும் காப்புரிமை வழங்கிற்று. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் எதிர்ப்பு எழுந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அக்காப்புரிமை நீக்கப்பட்டது; 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. வழக்கை வென்றது பெருமிதப் பேச்சன்று. அம்முறை முன்னரே இந்தியாவில் கையாளப்பட்டது என்பதற்கு முன்வைக்கப்பட்ட சான்று. இத்தகைய வழக்குகளின் பாடத்தால் 2001இல் இந்திய அரசு மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி, அரபு, பாரசீக, உருது மொழிகளிலுள்ள யூனானி நூல்களின் மருந்து முறைகளையும் காப்புரிமை ஆய்வாளர் படித்தறியும் வடிவில் பதிந்து வருகிறது. பூட்டிய பெட்டியில் கிடந்த பயாஸ் யாருக்கும் சான்றாகாது. திறந்து படிக்கப்பட்ட நூலே உரிமையையும் காக்கும், ஆய்வுக்கும் வழிகாட்டும்.

எனவே அஜ்மலீன் என்ற பெயரை நாம் வெற்றிச் சின்னமாக மட்டும் கொள்ளுதல் போதாது. அது ஒரு கடன் சீட்டும் ஆகும். அவ்வேரை முதலில் அறிந்த பெயர் தெரியாத நாட்டுப்புற மக்களுக்கும், அதை ஏற்ற ஹகீம்களுக்கும், தம் மரபைக் கேள்விக்கு உட்படுத்தத் துணிந்த அஜ்மல் கானுக்கும் வேதியியல் பட்டுள்ள கடனை அது சொல்கிறது. ஆய்வு மனப்பான்மைக்கு நம் மருத்துவ மரபு பட்டுள்ள கடனையும் அது சொல்கிறது. இன்று யூனானிக் கல்லூரிகள் பல உள்ளன. மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் உள்ளன. 1931இல் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் இடையே இருந்த தொலைவு இன்று ஒரே வளாகத்தின் இரு கட்டடங்களுக்கு இடையே நீடிக்குமானால், ஒதுக்கி எறிந்த பிசினில் நம் மருந்து மீண்டும் கிடக்கும். அதைத் தேடி எடுப்பவர் வேறொருவராக இருப்பார்.